முனவ்வறாவுக்குப் பக்கத்து இடம்

நிந்தவூருக்குப் போனால் சபூறாவுக்கு முன்னால் வட்டா வைப்பார்கள். புளி போட்டுத் துலக்கிய பித்தளை வட்டாவில் வெற்றிலை காம்பு கிள்ளி அடுக்கியிருக்கும். பாக்கு சீவலாக இருக்கும், ஓரத்தில் சுண்ணாம்புக் கரண்டகம். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பாய் உதறுகிற சத்தம் கேட்கும். தம்பி றஸாக் கலியாணம் முடித்த வீடு அது. கிழக்கிலங்கையின் இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குரியது, மாப்பிள்ளைதான் அங்கே போய்க் குடியேறுவான். ஆகவே மாப்பிள்ளையின் ராத்தா, கூடப்பிறந்த அக்காவே ஆனாலும், அந்த வீட்டில் விருந்தாளி. விருந்தாளிக்கு வட்டா உண்டு, பாய் உண்டு, சாய்ந்துகொள்ளத் தலையணையும் உண்டு. ஆனால் அடுப்படிக்குள் கால் வைக்க இடமில்லை. வைத்தால் வீட்டுக்காரருக்கும் குறைவு, வந்தவளுக்கும் குறைவு. றஸாக்கின் கலியாணம் முடிந்த நாளிலிருந்து சபூறா அந்த ஒழுங்கில் ஒரு விரற்கடை தவறியதில்லை.

தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். அவனை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்ததில் அவளுக்கு வருத்தமில்லை, ஊர் வழக்கம் அது. அவனுக்குப் பிறந்த பெண் முனவ்வறாவில்தான் அவளுக்கு மனம் அடங்கவில்லை. பிள்ளையின் நெற்றி சபூறாவின் வாப்பாவின் நெற்றி. கோபம் வந்தால் கீழுதட்டைக் கடிக்கிறதும் அவரைப் போலத்தான். அப்படிப்பட்ட பிள்ளை எதற்கெடுத்தாலும் "பெரியும்மா, பெரியும்மா" என்று றம்லாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தது.

றம்லா என்பவள் றஸாக்கின் மனைவி ஸுலைஹாவுக்கு மூத்தவள். பக்கத்து வளவில் இருக்கிறாள். நடுவேலியில் ஒரு கடப்பு வைத்து, ஒரே வீடு போல வந்துபோவார்கள். முனவ்வறாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, என்று கண்டபோது ஸுலைஹா மகனைப் பெற்றுப் படுத்திருந்தாள். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு நின்றவள் றம்லா. ஊசி போடப் பழகி வந்தவளும் அவள்தான். கல்முனைக்குடியில் இருந்த சபூறாவுக்குச் செய்தி கிடைத்தபோது பிள்ளை வீடு திரும்பியிருந்தது.

"உங்களுக்கு ஏன் வீணான மனவருத்தம் எண்டுதான் ராத்தா சொல்லல்ல," என்றான் றஸாக்.

அந்தச் சொல்லை அவள் மறக்கவில்லை. வாப்பாவின் நெற்றியோடு பிறந்த பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறது, வாப்பாவின் மகளுக்குச் சொல்லி அனுப்ப ஒரு ஆள் இல்லை. அன்றிலிருந்து றம்லாவின் கையில் எதைக் கண்டாலும் அது தன் கையில் இருக்கவேண்டியது என்றே சபூறாவுக்குத் தோன்றும். ஊசி மருந்தைக் குளிராக வைக்கவேண்டும் என்று கேள்விப்பட்டு, தன் மகனிடம் சொல்லி வீட்டுக்கு ஒரு பிரிட்ஜ் வாங்குவித்தாள். கல்முனைக்குடியில் அந்தத் தெருவுக்கு வந்த முதல் பிரிட்ஜ் அது. மருந்தை இனி இங்கே கொண்டுவந்து வைக்கலாம் என்று சொல்லியனுப்பினாள்.

"ஈர மணலுக்குள்ள மண்முட்டி புதைச்சு வெச்சிரிக்கம், மருந்துக்கு அந்தக் குளிர் காணும்," என்று றம்லா பதில் அனுப்பினாள்.

பிரிட்ஜில் சபூறா தண்ணீர்ப் போத்தல் வைத்துக் குடித்தாள். குடிக்கும்போதெல்லாம் மணலில் புதைத்த அந்த மண்பானை கண்ணுக்குள் வந்தது.

எண்பத்திரண்டாம் ஆண்டு, பள்ளிக்கூட விடுமுறைக்கு மட்டக்களப்பில் கானிவேல் போட்டார்கள். றஸாக் மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். வேன் பேசியாகிவிட்டது. என்னென்ன கொண்டுபோவது, யார் யார் போவது என்று முடிவெடுக்க நிந்தவூர் வீட்டு மண்டபத்தில் எல்லாரும் கூடியபோது சபூறாவும் வட்டாவுக்கு முன்னால் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மாமி, தென்னையை விட உயரமான ராட்டினமாம்," என்று முனவ்வறா வந்து அவள் தோளைத் தொட்டது. "ஒரு பெட்டியில ரெண்டு பேர்தான் ஏத்துவாங்களாம்."

"அப்ப உனக்குப் பக்கத்தில ஆரு?"

பிள்ளையின் கண் போன இடத்தைச் சபூறா பார்த்தாள். கடப்புப் பக்கத்துத் தூணில் சாய்ந்து றம்லா நின்றிருந்தாள்.

"எனக்கு ஊஞ்சல்ல ஆடினாலே வயித்தப் பிரட்டிச் சத்தி வரும்," என்றாள் ஸுலைஹா. "றம்லா ராத்தாதான் ஏறணும்."

"ஏன், நான் ஏறுவன்," என்றாள் சபூறா.

எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பிறகு றஸாக் சிரித்தான். "ராத்தா, நீங்க வள்ளத்தில கால் வைக்கவே பயந்த ஆள்."

"பயமெண்டு ஆரு சொன்ன? எனக்கு வள்ளத்தில வேலை இரிக்கல்ல. அதால ஏறல்ல."

"ஊரே நிண்டு பாக்கும் மதினி," என்றாள் றம்லா. "முக்காடு பறக்கும்."

"எண்ட முக்காடு எண்ட தலையில நிக்கும். நீ உண்ட முக்காட்டப் பாரு."

உண்மையில் ஒரு குடும்பத்துப் பெரிய மனுஷி கானிவேல் ராட்டினத்தில் ஏறுவது சபூறாவுக்கே சம்மதமான காரியமில்லை. வேறொரு பெண் ஏறினால் அவளே ஒரு கிழமைக்குக் கதைத்திருப்பாள். ஆனாலும் அந்தப் பெட்டியில் பிள்ளைக்குப் பக்கத்தில் றம்லா உட்கார்ந்து போவதை நினைக்க, சொல் வாயைத் தாண்டிவிட்டது. தாண்டிய சொல்லை எடுக்கிற வழக்கம் அவர்கள் குடியில் இல்லை.

பிறகு றம்லா பயண ஒழுங்கைச் சொல்லத் தொடங்கினாள். காலையில் ஊசி, உடனே சாப்பாடு. வழியில் பிஸ்கட். பகல் சோறு பிந்தக் கூடாது. வர இருட்டினால் மாலை ஊசிக்கு மருந்து வேண்டும், அதைப் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டுக் கொண்டுபோகவேண்டும். "பசிக்குதெண்டு வாயால சொல்லமாட்டா, மதினி. சில நேரம் பேசாமச் சோர்ந்து சாஞ்சிருவா. அத நாமதான் பாத்துக்கணும்," என்றாள்.

சபூறாவின் காதில் அது விழவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது றம்லாவின் முந்தானை நுனியை. அங்கே ஒரு முடிச்சு இருந்தது. எப்போதும் இருக்கிற முடிச்சுத்தான். அன்று அதன்மேல் இரண்டு மூன்று எறும்பு ஊர்ந்தது. இனிப்பு முடிந்து வைத்திருக்கிறாள்! வருத்தக்காரப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒளித்து ஒளித்துத் தின்கிறாள். இதையா இந்த வீட்டில் தலையில் தூக்கி வைத்திருக்கிறார்கள்?

"ஐஸ் எண்ட வீட்டில இரிக்கி," என்றாள் சபூறா. "வேன கல்முனைக்குடில நிப்பாட்டுங்க. பகல் சோறும் எண்ட பொறுப்பு. சகன் சோறு கொண்டுவாறன்."

"அவ்வளவு கரைச்சல் என்னத்துக்கு மதினி? பார்சலாக் கட்டினா லேசு," என்றாள் றம்லா.

"பார்சல் கட்டித் தின்ன நாம லொறிக்காரரா?"

றஸாக் தலையைக் குனிந்து பாக்கை வாயில் போட்டான். ராத்தா சொன்னால் சொன்னதுதான்.

போகிற நாள் காலையில் வேன் கல்முனைக்குடியில் வந்து நின்றபோது சபூறா வாசலிலேயே நின்றாள். சோற்றுச் சட்டியை வெள்ளைத் துணியால் வாய்கட்டி வைத்திருந்தாள். பெரிய சகன் தட்டு அதன்மேல் கவிழ்ந்திருந்தது. இறைச்சிக்கு எவ்வளவு நெய் விட்டிருந்தாள் என்பதைத் தெருவே மணந்து தெரிந்துகொண்டது. எல்லாரும் இறங்கி ஒரு தேத்தண்ணி குடிக்கவேண்டும் என்று நின்றாள்.

"சுணங்கும் மதினி. ஊசியும் போட்டு, புள்ள சாப்பிட்டும் முடிஞ்சி. இனி எல்லாம் நேரத்துக்கு நடக்கணும்," என்றாள் றம்லா, வேனுக்குள் இருந்தபடியே.

"நீ இறங்காட்டியும் பிளாஸ்க்க தா."

ஐஸை உடைத்துப் போட்டு, மூடியைத் திருகி, பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுக்காமல் தன் மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். முனவ்வறாவுக்கு ஒரு பக்கம் றம்லா, மறுபக்கம் சபூறா. களுவாஞ்சிக்குடி தாண்டும்போது றம்லா பிஸ்கட் எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை பாதியைத் தம்பிக்கு ஊட்டிவிட்டது. கல்லடிப் பாலத்தில் ஏறியதும் வாவிக்கு அப்பால் ராட்டினத்தின் தலை தெரிந்தது.

"மாமி, பயமா?"

"எனக்கென்ன பயம், கிளி," என்றாள் சபூறா. பிளாஸ்க்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. ஐஸின் குளிர்தான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மைதானத்தில் சனம் நெருக்கியடித்தது. ஒலிபெருக்கி ஒரு பக்கம், மரணக் கிணற்று மோட்டார் சைக்கிளின் இரைச்சல் மறுபக்கம். றஸாக் முதலிலேயே ராட்டினத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கி ராத்தாவின் கையில் கொடுத்தான். நடுப்பகல் தொழுகையான லுஹருக்குப் பாங்கு கேட்டதும் வேன்காரரையும் கூட்டிக்கொண்டு பள்ளிவாசலைத் தேடிப் போனான். பெண்கள் வேலியோரத்து வேப்பமரத்தின் கீழே பாய் விரித்தார்கள். சோற்றுச் சட்டி நடுவில் வந்தது.

"மதினி, அவருக்குச் சுணங்கும்போல," என்றாள் றம்லா. "புள்ளைக்கு மட்டும் ஒரு பீங்கான்ல முந்திப் போட்டுக் குடுப்பமா?"

சபூறா நிமிர்ந்து பார்த்தாள். சகன் என்பது ஒரே தட்டில் சோற்றைக் குவித்து எல்லாரும் சுற்றியிருந்து கை வைக்கிற சாப்பாடு. வீட்டுக்குப் பெரியவர் பிஸ்மில் சொல்லித் துணியை எடுக்கவேண்டும். அதற்கு முன்னால் ஒரு பருக்கை எடுத்தாலும் அது சகன் இல்லை, மிச்சம். தன் கையால் ஆக்கி, தன் தம்பி கையால் திறக்கப்படவேண்டிய சோற்றை இவள் வந்து பிரித்துப் போடச் சொல்கிறாள்.

"தம்பி வரட்டும். கானிவேலுக்கு வந்தா நம்மட ஒழுங்க வீட்டில வெச்சுப் பூட்டிட்டா வாற?"

"இல்ல மதினி, ஊசி போட்ட புள்ள..."

"எண்ட சோறு பிந்தினதா இதுவரைக்கும் ஆரும் சொன்னதில்ல. நீ முதலாவதாச் சொல்லாத."

ஸுலைஹா தன் ராத்தா றம்லாவின் முழங்கையை மெல்லத் தொட்டாள். மாப்பிள்ளையின் ராத்தாவை ஊரறிய முகம் முறிக்க வேண்டாம் என்பது அந்தத் தொடுகை. றம்லா பிஸ்கட் பையைத் திறந்து பார்த்தாள், தூள்தான் இருந்தது. "நான் போய் ஒரு பணிஸ் வாங்கிட்டு ஓடிவாறன்," என்று எழுந்தாள். சின்னவன் பலூனுக்கு அழ, ஸுலைஹாவும் அவனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

தன் நெய்ச்சோற்றுக்கு முன்னால் கடையில் சுட்ட பணிஸ் ரொட்டி. சபூறாவின் நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலின் நடுவில்தான் பிள்ளை மெல்ல நகர்ந்து வந்து அவள் மடியில் தலையை வைத்தது.

கேட்காமல், கூப்பிடாமல், தானாக வந்து வைத்தது. சபூறா மூச்சை அடக்கிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் பிள்ளை வந்து சலாம் சொல்லும், கையை முத்தமிடும், தோளைத் தொடும், போய்விடும். மடியில் படுத்ததில்லை. தலை கனமாக இருந்தது, கையும் காலும் துவண்டு அவள்மேல் விழுந்து கிடந்தன. முழுதாகத் தன்னிடம் விட்டுக்கொடுத்தது போல இருந்தது. முந்தானையை இழுத்து வெயில் படாமல் முகத்தை மூடினாள். வாப்பாவின் நெற்றியை விரலால் தடவினாள். ஈரமாக இருந்தது. வெக்கை, என்று நினைத்தாள். சனமும் இரைச்சலும் எங்கோ தூரத்தில் போய்விட்டன. அந்தப் பெண் பணிஸோடு வந்து இதைக் காணவேண்டும் என்று அவள் மனம் கேட்டது.

கண்டாள். பத்தடி தூரத்திலேயே நின்றுவிட்டாள்.

"புள்ள ஏன் படுத்திரிக்கா?"

"நித்திரை. எழுப்பாத."

"இந்த நேரத்தில அவ நித்திரை கொள்றல்ல. முகத்தக் காட்டுங்க மதினி."

"எண்ட மடியில ஒரு நாளைக்குப் படுத்திரிக்கி. அதுக்கும் உன்னட்டக் கேக்கணுமா?"

றம்லா பாய்ந்து வந்தாள். பணிஸ் பாயில் விழுந்தது. மண்டியிட்டு முந்தானையை விலக்கினாள். பிள்ளையின் உதடு வெளுத்திருந்தது. சட்டையின் முதுகு குளித்தெடுத்தது போல நனைந்திருந்தது. "முனா, முனா" என்று கன்னத்தைத் தட்டினாள். பிள்ளை பாதிக் கண் திறந்து, "கதவச் சாத்துங்க, மாடு வருது," என்றது. அங்கே கதவும் இல்லை, மாடும் இல்லை.

சபூறா பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடித்தாள்.

றம்லா தன் முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். உள்ளே காகிதத்தில் மடித்த வெள்ளைச் சீனி, சாப்பாடு பிந்தி ஊசி மருந்து பிள்ளையின் உடம்பிலுள்ள சீனியை மட்டுக்கு மீறி இறக்கிவிட்டால் கொடுக்க. விரலில் தொட்டு, பிள்ளையின் கன்னத்துக்கு உட்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தாள். "விழுங்கு ராசாத்தி, விழுங்கு... இன்னம் கொஞ்சம்..." அவள் குரலில் பதற்றம் இல்லை. சீனி சிந்திச் சபூறாவின் மடியில் கொட்டியது.

அந்த முடிச்சை எத்தனை தரம் பார்த்திருக்கிறாள்! எறும்பை வைத்து எத்தனை பேரிடம் கதை சொல்லியிருக்கிறாள்! மண்டபத்தில் றம்லா அன்று என்ன சொன்னாள் என்பது இப்போதுதான் அவள் காதுக்கு வந்து சேர்ந்தது. பேசாமச் சோர்ந்து சாஞ்சிருவா. பிள்ளை அவளைத் தேடி வரவில்லை. விழுவதற்கு அருகில் கிடைத்த இடம் அவள் மடி, அவ்வளவுதான்.

முனவ்வறாவின் கண்ணில் மெல்ல ஆள் தெரிந்தது. "பெரியும்மா," என்றது. பிறகு, "பசிக்குது."

சபூறா எழுந்தாள். சட்டியின் வெள்ளைத் துணியைத் தன் கையால் அவிழ்த்தாள். பிஸ்மில் சொன்னாள். சகன் தட்டை நிமிர்த்தி, ஒரு கரண்டி சோற்றை மட்டும் நடுவில் போட்டு, பிசைந்து, பிள்ளையின் வாயில் வைத்தாள். பிள்ளை மென்று விழுங்குகிறதா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டு அடுத்த பிடியைத் திரட்டினாள்.

பலூனோடு திரும்பிய ஸுலைஹா நடந்ததை அறிந்து மகளின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் றஸாக்கும் வந்தான். தட்டைப் பார்த்தான். பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் தட்டைத்தான் பார்த்தான்.

"ராத்தா, சகனைத் திறந்திட்டீங்களா?"

"திறந்திட்டன். நீ இருந்து தின்."

ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். றம்லாவின் பக்கத்துக்கு சபூறா நல்ல இறைச்சித் துண்டாக இரண்டைத் தள்ளிவிட்டாள். முகத்தைப் பார்க்காமல்தான் தள்ளினாள்.

பின்நேரத் தொழுகையான அஸருக்குப் பிறகு பிள்ளை பழையபடி துள்ளத் தொடங்கியது. ராட்டினம், ராட்டினம் என்று ஒரே பல்லவி. ஸுலைஹா மாட்டேன் என்றாள். றம்லா பிள்ளையின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்து, கண்ணைப் பார்த்து, "நல்லாச் சாப்பிட்டிரிக்கா, தெளிஞ்சிரிக்கா. போகலாம்," என்றாள்.

வரிசை நகர்ந்து அவர்கள் முறை வந்தது. "ரெண்டு பேர், ரெண்டு பேர்," என்று ஆள் கத்தினான். டிக்கெட் இரண்டும் சபூறாவின் கையில் வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தன. பெட்டி அவளுக்கு முன்னால் ஆடிக்கொண்டு நின்றது. முனவ்வறா ஏறி உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டியது. "வாங்க மாமி."

அதைத்தானே அவள் கேட்டிருந்தாள்.

"இந்தா, நீ ஏறு," என்று டிக்கெட்டை றம்லாவிடம் நீட்டினாள்.

"நீங்கதானே ஏறுறெண்டு பேச்சு, மதினி."

"நடு வானத்தில புள்ளைக்கு மறுகா அந்தச் சோர்வு வந்தா எனக்கு என்ன தெரியும்? ஏறு கா, ஆக்கள் பாக்கிற."

ராட்டினம் சுழன்றது. சபூறா கீழே பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள். பொறாமை போய்விட்டதா? போகவில்லை. உச்சியில் வாப்பாவின் நெற்றியும் அதற்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் தலையும் தெரிந்தபோது நெஞ்சுக்குள் பழைய இடத்தில் அது எரியத்தான் செய்தது. ஆனால் பெட்டி இறங்கி வரும்போது அவள் ஒன்றைக் கண்டாள். றம்லா கண்ணை இறுக மூடியிருந்தாள். இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப்பிடித்திருந்தாள். பிள்ளைதான் அவள் தோளில் கை போட்டு, "பயப்படாதீங்க பெரியும்மா," என்று சொல்லிக்கொண்டு வந்தது. முக்காடு கழுத்தில் கிடந்தது.

சபூறாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். நல்ல வேளை நான் ஏறவில்லை என்ற நினைப்பும், நான் ஏறியிருந்தால் அந்தக் கை என் தோளில் அல்லவா இருந்திருக்கும் என்ற நினைப்பும் ஒன்றாகவே வந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் நிந்தவூருக்குப் போனாள். பாய் உதறுகிற சத்தம் கேட்டது. ஸுலைஹா வட்டாவைக் கொண்டுவந்து குனிந்து வைத்தாள். நிமிரும்போது அவள் கண் ஓரிடத்தில் நின்றது.

"மதினி, உங்கட முந்தானையில எறும்பு."

"கல்முனைக்குடில எறும்பு கூட," என்றாள் சபூறா, முடிச்சைத் தட்டிவிட்டு.

தூணோரத்தில் நின்ற றம்லா அதைப் பார்த்தாள். தன் முந்தானை நுனியை எடுத்து, அவளும் ஒருமுறை தட்டிவிட்டாள்.

"அந்த ஊசிய எங்க வெச்சிக் கொதிதண்ணில போட்டுக் காய்ச்சிற?" என்று சபூறா கேட்டாள்.

"அடுப்படிலதான், மதினி."

வட்டாவைக் கையால் ஒரு ஓரம் நகர்த்திவிட்டு, முழங்காலை ஊன்றி சபூறா எழுந்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள். "நட, காட்டு," என்றாள்.